ஷூக்கள் எல்லாம் வாசலைப் பார்த்தபோது

1

இந்தக் கதை என் முதுகில் விழுந்த ஓர் அறையிலிருந்து பிறந்தது. கொரியப் பெண்கள் முதுகில் அறைவதில் தேர்ந்தவர்கள். உள்ளங்கை முழுவதும் பதியும், சத்தம் தெருமுனை வரை கேட்கும், வலி மட்டும் அவ்வளவாக இருக்காது. அதில் பாதி கோபம், பாதி பிரியம் என்பது வாங்கி வாங்கித்தான் புரியும். என்னை அறைந்தவர் ஜொஞ்சு நகரத்து மலையேறும் மகளிர் சங்கத்தின் தலைவி. அந்த அறைக்கு உரிய முதுகு என்னுடையது அல்ல.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வரலாறு என்பது ஒரு நெடிய நதி. அதன் கரையில் நின்றுகொண்டு'

என் மனைவி உன்ஷிம்முக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் அவளுக்குக் கொரிய மொழியில் சொல்லியாக வேண்டும். வீட்டில் தணிக்கை அப்படி.

"நதியா? எங்கய்யா நதி? நாம இருக்குறது துறைமுகம்."

அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன்: 'குன்சான் துறைமுகத்தில் அன்று மழை பெய்துகொண்டிருந்தது.'

"அன்னிக்கு நல்ல வெயிலு."

"கதைக்கு மழை அழகா இருக்கும்."

"மழை பேஞ்சிருந்தா அத்தன ஷூவும் நனைஞ்சு நாறியிருக்கும். எவ தொட்டிருப்பா?"

சரிதான். ஆகவே வெயில்.

உன்ஷிம் நடத்துவது ஒருநாள் சுற்றுலா. ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்துச் சுங்க அலுவலகம், வங்கி, அரிசிக் கிடங்கு, கடைசியாக ஓர் அரிசி மிராசுதாரின் வீடு. காலையில் எல்லாருக்கும் கோபம் வரவழைப்பாள், மத்தியானம் காரமான கடல் நூடுல்ஸ் வாங்கித் தருவாள், சாயங்காலம் மறுபடியும் கோபம் வரவழைத்து வீட்டுக்கு அனுப்புவாள். நான் பஸ் ஓட்டுகிறேன். கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இந்த ஊருக்கு வந்தவன். அதை மூடிய பிறகு மனைவிக்கு ஓட்டுநரானேன். பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் தீப்பொறி பறக்கும்போது முகத்தை மறைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

[கொரியாவிலும் அப்பாவை அப்பா என்றுதான் சொல்கிறார்களாமே என்று ஊரிலிருந்து எல்லாரும் எனக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி இந்தக் கதையில் இதற்கு மேல் ஒரு வரி வராது.]

[இன்னொன்று. இதில் எல்லாரும் தமிழ் பேசுவார்கள். அது அவர்கள் குற்றமல்ல. உன்ஷிம் என்னைத் திட்டுவது பல வருஷங்களாக என் காதில் தமிழாகவே விழுகிறது. மற்றவர்களுக்கும் அந்த வசதியைச் செய்து கொடுத்திருக்கிறேன்.]

2

முதல் வரைவு இது. படித்துக்கொண்டிருங்கள், நடுவில் குறுக்கிடுவேன்.

அன்று பஸ்ஸில் மலையேறும் மகளிர் சங்கம் முழுவதும் இருந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சுருட்டை முடி, ஒரே மாதிரிப் பூப்போட்ட தொப்பி, ஒரே மாதிரி மலையேறும் ஷூ. தலைவி போங்நிம் அம்மாள் ஏறியதிலிருந்து ஆரஞ்சுப் பழம் உரித்து எல்லார் வாயிலும் திணித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் வாயிலும்.

எனக்குப் பின்னால் முதல் இருக்கையில் குவாக் ஐயா. எழுபதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட கோட்டு, கையில் ஒன்றுமில்லை. பஸ் கிளம்பியதுமே என் காதோரம் சாய்ந்து சொன்னார்:

"அந்த மிராசுதார் வீட்ல எங்கம்மா வேலை பாத்தா, தம்பி. பதினஞ்சு வயசுல. என்ன வேலை தெரியுமா? ஷூ திருப்புற வேலை."

(குவாக் ஐயாவை நான் நம்பலாமா என்று எனக்கே சந்தேகம். இவ்வளவு பொருத்தமான ஆள் சரியான நேரத்தில், சரியான இருக்கையில் வந்து உட்கார்ந்தால், நானாக இருந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிடுவேன். நீங்கள் பொறுமைசாலிகள்.)

ஜப்பானிய வீட்டில் விருந்தாளி ஷூவை நடையில் கழற்றிவிட்டு உள்ளே போனதும், வீட்டார் அதை வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பார்கள். போகும்போது அப்படியே காலை நுழைத்துக்கொண்டு நடக்கலாம். அது அவர்கள் மரியாதை. கொரிய வீட்டில் வந்தவர் ஷூவைத் திருப்பி வைத்தால், 'சீக்கிரம் கிளம்புங்க' என்று அர்த்தம். எழுந்து போய்விடுவார்கள். மறுபடி வரமாட்டார்கள்.

"ஒவ்வொரு தடவையும் யாரையோ வீட்ட விட்டுத் தொரத்துற மாதிரியே இருக்கும்னு சொல்லுவா எங்கம்மா," என்றார் குவாக் ஐயா. "அவ மட்டும் முன்வாசல் வழியா நொழஞ்சதே இல்ல."

அவளுடைய பெயர் மியோரே. அந்த வீட்டில் ஹருகோ என்று கூப்பிட்டார்கள். கூப்பிட வாய்க்கு வாகாக அவர்கள் வைத்த பெயர்.

குவாக் ஐயாவுக்குப் பின் இருக்கையில் ஒசாகாவிலிருந்து தனியாக வந்த ஒரு மூதாட்டி. பெயர் ஹிசாயோ. அவர் யாரோடும் பேசவில்லை. அவர் அந்த மிராசுதாரின் மகள்.

(தெரிகிறது. உங்கள் முகம் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.)

வரைவில் மீதி இப்படிப் போகிறது. எல்லாரும் வீட்டுக்குள் உன்ஷிம்மின் பேச்சைக் கேட்கிறார்கள். ஹிசாயோ நடைக்கு வந்து எல்லார் ஷூவையும் வாசல் பார்க்கத் திருப்பி வைக்கிறார். குவாக் ஐயா வெளியே வருகிறார். தன் ஷூவைப் பார்க்கிறார். அதன் பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் கிழவியைப் பார்க்கிறார்.

3

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று. ஹிசாயோ நிமிர்ந்து பார்த்து, "மியோரே" என்கிறார். முழுப் பெயரும், தெளிவாக. குவாக் ஐயா அழுகிறார். ஹிசாயோ அழுகிறார். மலையேறும் சங்கம் மொத்தமும் அழுகிறது. ஓட்டுநரும் அழுகிறார். கடலில் சூரியன் இறங்குகிறது. (எழுதி முடித்ததும் எனக்கே பல் கூசியது.)

முடிவு இரண்டு. குவாக் ஐயா ஷூவைத் தொடாமல் வெறுங்காலோடு பஸ்ஸை நோக்கி நடக்கிறார், வரலாற்றின் அத்தனை பாரத்தையும் தோளில் சுமந்தபடி. வாசலில் ஜிங்கோ மரம். கீழே பழுத்து விழுந்த ஜிங்கோ பழங்கள். அந்தப் பழத்தை மிதித்த காலோடு ஒரு மனிதர் மூடிய பஸ்ஸில் ஏறினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வரலாற்றின் பாரம் அங்கேயே முடிந்துவிடும், நாற்றத்தின் பாரம் தொடங்கும்.

முடிவு மூன்று. குவாக் ஐயா குனிந்து, தன் ஷூவை மறுபடி வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, நடையில் உட்கார்ந்துகொள்கிறார். "நான் இப்பப் போகப்போறதில்ல" என்கிறார். ஹிசாயோவும் பக்கத்தில் உட்காருகிறார்.

மூன்றாவது பிடித்திருந்தது. நான் எழுதியதிலேயே இதுதான் உருப்படி என்று நினைத்தேன். அன்று சாப்பிடும்போது உன்ஷிம்முக்கு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சோயாவில் ஊறிய நண்டின் காலை உறிஞ்சிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

4

"யோவ். குவாக் ஐயா எப்ப வந்தாரு?"

"நம்ம சுற்றுலாவுக்குத்தான்..."

"எப்ப?"

"...செர்ரி பூத்தப்போ."

"ஹிசாயோ அம்மா?"

"இலை உதிர்ந்தப்போ."

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல. நீ எப்படி ஒரே பஸ்ல ஏத்துன?"

"டிரைவர் நான்தான?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நண்டுக் காலை என் பக்கம் நீட்டினாள். "ஏத்துனா மட்டும் போதுமாய்யா? ரெண்டு பேரும் நிஜமான ஆளுங்க. நிஜமா என்ன சொன்னாங்களோ அத எழுது."

ஆகவே இனி வருவது நிஜம். அதாவது, கதைக்குள் எது நிஜமோ அது.

குவாக் ஐயா வசந்தத்தில் வந்தார். ஷூவைப் பற்றி நான் மேலே எழுதியதெல்லாம் அவர் சொன்னதுதான். அந்த வீட்டுக்குள் அவர் போகவில்லை. முன்வாசல் நடையில், அவர் அம்மா உட்கார்ந்த பலகையில், கோட்டுக் கசங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு சிவப்பு அவரை ரொட்டியைப் பிய்த்துப் பாதி கொடுத்தேன்.

"அந்த வீட்ல ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சாம்," என்றார். "ஆறு வயசு. அடுப்படியில யாரும் இல்லாதப்ப அது காதுல மட்டும் எங்கம்மா தன் சொந்தப் பேரச் சொன்னாளாம். பேரு இப்படித்தான், ஆனா யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு. சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா, 'அதுக்கு என் பேரு ஞாபகம் இருக்குமாடா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க ஐயா?"

"'பேசாம தூங்கும்மா'ன்னேன். வேற என்ன சொல்லுவாங்க?" ரொட்டியை முடித்தார். "உன் பஸ்ல ஜப்பான்காரங்களும் வருவாங்கல்ல? என்னைக்காவது அந்த வீட்டு ஆளு வந்தா கேளு. இருக்குன்னாலும் சொல்லு, இல்லன்னாலும் சொல்லு. சமாதில புல்லு வெட்டப் போறப்ப அவகிட்டச் சொல்லணும். சும்மா போயி நின்னா, 'கேட்டியா'ன்னு கேக்குற மாதிரியே இருக்கு."

என் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தன் எண்ணைத் தானே அதில் ஏற்றிக் கொடுத்தார். பேரன் கற்றுக்கொடுத்தானாம். பெருமையாக இருந்தது அவருக்கு.

5

இலையுதிர் காலத்தில் மகளிர் சங்கத்தோடு ஹிசாயோ அம்மா வந்தார். அவர் யார் என்று எனக்கும் தெரியாது, உன்ஷிம்முக்கும் தெரியாது. காலில் முள் குத்திய மாதிரி மெதுவாக நடக்கும், சின்ன உருவம்.

உள்ளே உன்ஷிம் உச்சத்தில் இருந்தாள். இரும்புப் பெட்டக அறை முடிந்து, அரிசி மூட்டை முடிந்து, வழக்கமான கடைசிப் பேச்சு. வாசல் வரை கேட்டது:

"இந்த வீட்டுக்காரங்க ஜப்பான் போர்ல தோத்த ஆகஸ்டு மாசம் கப்பலேறிப் போனாங்க! இப்ப இது நம்ம வீடு! நாம நமக்கு எப்பத் தோணுதோ அப்பத்தான் கிளம்புவோம்! இனிமே யாரும் நம்மள இங்கருந்து வெரட்ட முடியாது!"

கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் ஹிசாயோ அம்மா தனியாக நடைக்கு வந்தார். குனிந்தார். ஒரு ஷூவை எடுத்து வாசல் பார்க்கத் திருப்பினார். அடுத்ததை எடுத்தார். நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கை செய்த விதம்! குதிகால் இரண்டையும் சேர்த்து, அழுத்தாமல், தூங்கும் குழந்தையைப் புரட்டுகிற மாதிரி. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

எனக்கு அரைகுறை ஜப்பானிய மொழி வரும். "அம்மா, எதுக்கு?" என்றேன்.

"இங்க எனக்கு ஒரு அக்கா இருந்தாங்க. என் ஷூவை இப்படித்தான் திருப்பி வைப்பாங்க," என்றார், நிமிராமல். "நான் இந்த வீட்ல பொறந்தேன். ஆறு வயசுல கப்பல். அக்காவுக்கு ஒரு தடவைகூட நான் வச்சதில்ல. இன்னிக்கு யாருக்காவது வைக்கணும்னு இருந்துச்சு."

என் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. (இது நாடகத்துக்காக எழுதியதல்ல. உண்மையிலேயே விழுந்தது. எடுத்துத் தின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

"அந்த அக்கா பேரு?"

"ஹருகோ." கை நின்றது. "இல்ல, அது எங்கம்மா வச்ச பேரு. அவங்களுக்கு வேற பேரு இருந்துச்சு. என்கிட்ட மட்டும் சொன்னாங்க. மியோ..." நெற்றியைச் சுருக்கினார். "மியோ அக்கா. அதுக்கு மேல ஏதோ இருந்துச்சா, அவ்வளவுதானான்னு..."

மியோ. தமிழ்க் காதுக்குப் பூனை கூப்பிட்ட மாதிரி இருக்கும். எனக்கு அப்போது அப்படி இல்லை. மீதி ஓர் எழுத்து என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லலாமா? கேள்வியையும் கேட்டு விடையையும் சொல்லிக்கொடுக்கிற பரீட்சை வாத்தியாராக நான் ஆகலாமா? வாயை இறுக மூடிக்கொண்டேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். அதற்குள் சங்கம் வெளியே வந்துவிட்டது.

யாரும் நம்மை விரட்ட முடியாது என்று கைதட்டிவிட்டு வந்தவர்கள் கண்ணில், அத்தனை ஷூவும் அணிவகுத்து வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"யாருய்யா இது?" என்றார் போங்நிம் அம்மாள். "யாரு எங்க ஷூவத் தொட்டது?"

"மறுபடியும் வெரட்டுறாங்களா? இந்த வீட்லருந்தா?"

"டிரைவருதான். ஆளு பசி தாங்கமாட்டான். நாம சீக்கிரம் கிளம்பணும்னு பண்ணிருக்கான்."

"ஆமா, நான்தான்," என்றேன்.

அப்போது விழுந்ததுதான் அந்த அறை.

"நான்," என்றது ஒரு சின்னக் குரல். கொரிய மொழியில். ஹிசாயோ அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். "நான். நான்." அந்தக் கொரிய வார்த்தை அவருக்கு எந்த அடுப்படியில் கிடைத்தது என்று எனக்கு மட்டும் தெரிந்தது.

உன்ஷிம் ஓடிவந்து அவரிடம் ஜப்பானிய மொழியில் பேசினாள். பேசப் பேச அவள் முகம் மாறியது. இவ்வளவு வருஷம் இந்த வீட்டுக்காரர்களை இல்லாத ஆட்களாக வைத்துத்தான் திட்டியிருக்கிறாள். ஓர் ஆள் எதிரே நிற்பது இதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்தாள். பிறகு நேர்மையாக மொழிபெயர்த்தாள்:

"இவங்க பொறந்தது இந்த வீட்லதானாம். மிராசுதாரோட பொண்ணாம்."

போங்நிம் அம்மாள் தொப்பியைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். சண்டைக்குத் தயாராகிறார் என்று புரிந்தது. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"கேளு அவங்ககிட்ட," என்றார் உன்ஷிம்மிடம், "எந்த வருஷம் பொறந்தாங்கன்னு."

வயது தெரியாமல் இந்த நாட்டில் சண்டை போட முடியாது. நீ என்று திட்டுவதா, நீங்கள் என்று திட்டுவதா?

"முயல் வருஷமாம்," என்றாள் உன்ஷிம். இங்கே வருஷங்களுக்குப் பன்னிரண்டு மிருகங்களின் பெயர், சுற்றிச் சுற்றி வரும்.

சங்கத்தில் ஒரு சலசலப்பு. "தலைவி, நீங்களும் முயல்தான?"

"நான் அடுத்த சுத்து முயலு," என்றார் போங்நிம் அம்மாள் தளர்ந்த குரலில்.

"அப்ப உங்களுக்கு அக்கா!"

"அக்காவா? எனக்கு வந்து வாய்ச்ச அக்காவப் பாரு!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினார். பிறகு ஹிசாயோ அம்மாவைப் பார்த்து இரண்டு கைகளையும் மரியாதையாக வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு திட்டத் தொடங்கினார். "அக்கா, உங்க அப்பா எங்க ஊரு அரிசியெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாருங்க. இப்படிச் சொல்றதுக்கு மன்னிச்சுக்கணும்ங்க. ஆனா அள்ளிட்டுத்தாங்க போனாரு."

உன்ஷிம் மொழிபெயர்த்தாள். ஹிசாயோ அம்மா இடுப்பு வளைய வணங்கினார். "ஆமாங்க," என்றார்.

போங்நிம் அம்மாள் சுற்றிலும் பார்த்தார். "ஆமான்னு சொல்லிட்டா நான் மேல எங்கடி போறது?"

அவர் பலகையில் தொப்பென்று உட்கார்ந்து காலை நீட்டினார். ஷூ தானாக வந்து காலில் ஏறியது மாதிரி ஏறியது. எழுந்து ஓர் அடி வைத்தார்.

"சௌகரியமாத்தான் இருக்கு," என்றார். "அதான் இன்னும் கோவமா வருது." போகிற போக்கில் ஹிசாயோ அம்மாவின் கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைத் திணித்தார். "அடுத்த தடவ எங்கள வெரட்டணும்னா வாயால சொல்லிருங்க அக்கா."

6

இதில் எங்கே முடிவு என்று கேட்பீர்கள். உன்ஷிம்மும் கேட்டாள்.

"குவாக் ஐயாவுக்குப் போன் பண்ணிட்டியா?"

பண்ணவில்லை. பண்ணாமல் இருப்பதற்காகத்தான் இந்தக் கதையையே எழுதத் தொடங்கினேன் என்பதை இப்போது உங்களிடம் சொல்லிவிடலாம். ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டால், மூன்று முடிவில் ஒன்றைக் கொடுத்துவிட்டால், போன் பண்ண வேண்டியதில்லையே.

"என்னன்னு சொல்ல? பாதிதான் ஞாபகம் இருக்குன்னா? அந்த மனுஷன் சமாதில போயி பாதிப் பேரையா சொல்லுவாரு?"

"பாதியா?" உன்ஷிம் இடுப்பில் கை வைத்தாள். "ஆறு வயசுப் பிள்ளை, அடுப்படியில கூப்பிடுது. முழுப் பேரையும் சொல்லியா கூப்பிடும்? மியோ அக்கான்னுதான் கூப்பிடும். அது பாதி இல்லய்யா, செல்லப் பேரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அவருக்குத்தான் தெரியும், அவங்கம்மாவ வீட்ல எப்படிக் கூப்பிட்டாங்கன்னு. அதான் பண்ணுங்குறேன். நீயா கூட்டாத, நீயா குறைக்காத. அவங்க சொன்னத அப்படியே சொல்லு."

வெளியே முதல் பனி விழுகிறது. (உண்மையாகவே விழுகிறது. உன்ஷிம் எட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டாள்.) புல் வெட்டும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் புத்தாண்டுக்குச் சமாதிக்குப் போவார்கள். அதற்குள் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு கையால் எழுதிக்கொண்டே மறு கையால் எண்ணைத் தட்டிவிட்டேன். இவ்வூர்ப் பெரியவர்களின் போனில் மணி கேட்காது, பாட்டுக் கேட்கும். குவாக் ஐயா வைத்திருப்பது ஒரு குத்துப் பாட்டு. இஸ்திரி போட்ட கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உன்ஷிம் தோளை ஆட்டுகிறாள்.

வாசகரே, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்: மியோ அக்கா. அதைக் கேட்டு அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஏனென்றால் அவர் எடுத்துவிட்டால் நான் பேச வேண்டும், பேனாவைக் கீழே வைத்தாக வேண்டும். எடுக்கவில்லை என்றால் ஏழாம் பகுதி ஒன்று எழுதுவேன். அது இருக்கிறதா என்று கீழே பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டு இரண்டாவது சரணத்துக்குப் போய்விட்டது, உன்ஷிம் இப்போது இடுப்பையும்